உறைகலத்தில் ஒரு தாயத்து

டென்மார்க்கின் ஓகூஸ் நகரத் துறைமுகத்தை ஒட்டி டொக்1 என்ற பெரிய நூலகம் இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். உள்ளே, படிக்கட்டுக்கு மேலே, ஏழரை மீட்டர் நீளமும் மூன்று டன் எடையுமாக ஒரு குழாய் மணி தொங்குகிறது. நகரின் வடக்கே ஸ்கைபியில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் அங்குள்ள பொத்தானை அழுத்துவார்கள்; இங்கே மணி அடிக்கும். புத்தகம் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பொத்தானுக்குக் கை போவதற்குள் பிரசவ அறையில் இன்னொரு காரியம் முடிந்திருக்கும். தொப்புள்கொடியை வெட்டி, நஞ்சுக்கொடியோடு சேர்த்துக் கழிவுக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் மிஞ்சியிருக்கும் அறுபது முதல் நூறு மில்லிலிட்டர் ரத்தமும் கொடியின் வழவழத்த சதையும் மருந்தாகுமா, ஆகுமென்றால் யாருக்கு, அதைப் பத்திரப்படுத்தும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விகள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓகூஸில் கர்ப்பிணியிடம் இதைப் பற்றி மருத்துவச்சி தானாக வாய் திறப்பது அபூர்வம். சென்னையில் நிலைமை தலைகீழ். ஸ்கேன் மையத்தின் காத்திருப்பு நாற்காலியிலேயே பளபளக்கும் கையேடு கிடைத்துவிடும், மாதத் தவணை வசதியோடு.

நம்மிடம் இதற்கு ஒரு தனி உரமும் உண்டு. காய்ந்து விழும் தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டும் வழக்கத்தைச் சொல்லி, "ஸ்டெம் செல்லை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்" என்று முடியும் வாட்ஸ்அப் செய்தியைப் பெறாத தமிழர் எந்த நாட்டிலும் இருக்க முடியாது. செல் உயிரோடிருக்க ஈரமும் ஊட்டமும் வேண்டும். இல்லாவிட்டால் உறைகாப்பு மருந்தோடு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வேண்டும். உலர்ந்து சுருங்கிய துண்டில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிஞ்சாது. அந்த வழக்கத்துக்குப் பாசத்தின் நியாயமே போதும், ஆய்வகச் சான்றிதழ் எதற்கு? விசித்திரம் என்னவென்றால், தாயத்தைப் பார்த்துச் சிரிக்கும் படித்த பெற்றோர் பலர் உறைகலத்தைத் தாயத்தாகவே நம்புகிறார்கள்: நம் பிள்ளையின் கொடி, நம் பிள்ளையைக் காக்கும். கொடி ரத்தத்தின் மருத்துவ வரலாறு முழுக்க இந்த நம்பிக்கைக்கு எதிர்த்திசையில் போகிறது. அது குணப்படுத்தியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வேறொருவர் கொடியால் குணமானவர்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் "தொப்புள்கொடி ஸ்டெம் செல்" என்று ஒரே பெயரில் வருவது உண்மையில் இரண்டு சரக்கு. ஒன்று, கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தேங்கிய ரத்தம். அதில் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்கள். எலும்பு மஜ்ஜையில் இருப்பவற்றின் இளைய உறவு. மற்றது, கொடியின் ரத்தக் குழாய்களைச் சுற்றியிருக்கும் கூழ்போன்ற சதை. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் வார்ட்டன் கூழ் என்பார்கள். அதிலிருந்து எடுத்து வளர்ப்பவை மெசன்கைமல் செல்கள். முன்னதன் பயன் நிறுவப்பட்டுவிட்டது. பின்னது பெரும்பாலும் சோதனைச்சாலை வாசலில் நிற்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்கும்போது, முன்னதன் சாதனையைக் காட்டிப் பின்னதன் கனவை விலை பேசுவது சுலபமாகிவிடுகிறது.

ரத்தத்தின் கதை 1988 அக்டோபரில், பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் தொடங்குகிறது. ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயால் மஜ்ஜை வற்றிக்கொண்டிருந்த ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேகரித்து உறையவைத்த கொடி ரத்தத்தை எலியான் க்ளூக்மன் என்ற மருத்துவரின் குழு ஏற்றியது. ரத்தத்தைப் பக்குவம் செய்து சேமித்தது இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மையரின் ஆய்வகம். ஒரு சிறு பை ரத்தத்தால் ஒரு மஜ்ஜையையே மறுபடி நிறுவ முடியுமா என்று பலர் ஐயப்பட்ட காலம். சிறுவன் பிழைத்தான், வளர்ந்து ஆளானான். 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் உலகின் முதல் பொதுக் கொடி ரத்த வங்கியை அமைத்தார். இன்றுவரை 40,000-க்கும் மேற்பட்ட கொடி ரத்த மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ரத்தப் புற்றுநோய்கள், மஜ்ஜை செயலிழப்பு, பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகள், ஹர்லர், கிராபே போன்ற வளர்சிதைமாற்றக் கோளாறுகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கிராபே நோயில் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே, பிறந்த சில வாரங்களில் ஏற்றினால் மூளையின் சீரழிவு பெருமளவு தணிகிறது என்று 2005-ல் டியூக் பல்கலைக்கழகக் குழு காட்டியது. வேறொரு கொடையாளியைத் தேடி மாதக்கணக்கில் அலைய நேரமில்லாத அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு, உறைகலத்தில் தயாராக இருக்கும் பைக்கு ஈடு கிடையாது.

யாருடைய ரத்தம் யாருக்கு ஒத்துப்போகும் என்ற விஷயத்தில் ஓகூஸுக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. திசுப் பொருத்தம் பார்க்கும் அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரான ஃப்ளெமிங் கிஸ்மையர்-நீல்சன் இந்த ஊரில் வேலை செய்தவர். மாற்றிய சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்திலேயே அது நிறம் மாறிச் செத்துப்போவது ஏன் என்ற புதிருக்கு, நோயாளியின் ரத்தத்தில் கொடையாளியின் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முன்பே உருவாகியிருப்பதுதான் காரணம் என்று 1966-ல் லான்செட் இதழில் அவரும் சகாக்களும் எழுதினார்கள். அறுவைக்கு முன் இருவர் ரத்தத்தையும் மோதவிட்டுப் பார்க்கும் சோதனை உலகெங்கும் கட்டாயமானதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. அவர் போன்றோரின் முயற்சியில் 1969-ல் உருவானது ஸ்காண்டியாட்ரான்ஸ்பிளான்ட். நார்டிக் நாடுகள் உறுப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த அமைப்பின் அலுவலகம் இன்றும் ஸ்கைபி மருத்துவமனையில்தான் இருக்கிறது. டென்மார்க்கின் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேட்டின் இரு மையங்களில் ஒன்றும் ஓகூஸ்தான்.

அந்தப் பொருத்தத்துக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அது தவறினால் அந்நியர்களிடம் தேட வேண்டும். மஜ்ஜைக்குப் பொருத்தம் கறாராக இருக்க வேண்டும். கொடி ரத்தம் அவ்வளவு கறார் பார்ப்பதில்லை. அதிலுள்ள பாதுகாப்புச் செல்கள் இன்னும் உலகம் அறியாதவை என்பதால், முக்கியமான ஆறு குறிகளில் நான்கு ஒத்தாலே துணியலாம். புதிதாக வந்த செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும் கோளாறு, வார்டில் ஜி.வி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வது, நாள்பட்ட வடிவில் கொடி ரத்தத்தில் குறைவு. கலப்பினத்தவரும் பதிவேடுகளில் ஆள் குறைந்த சமூகங்களும் கொடி ரத்தத்தால் அதிகம் பயன்பெற்றது இதனால்தான். 2017-ல் நியூயார்க்கில் ரத்தப் புற்றுநோயோடு எச்.ஐ.வி.யும் இருந்த கலப்பினப் பெண் ஒருவருக்கு, அந்த வைரஸ் நுழையும் வாசலே இல்லாத மரபணு மாற்றம் கொண்ட கொடி ரத்தத்தை, உறவினர் ஒருவரின் செல்களோடு சேர்த்து ஏற்றினார்கள். புற்றுநோய் தணிந்தது, வைரஸ் மருந்தை நிறுத்திய பின்னும் எச்.ஐ.வி. திரும்பவில்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். அந்த மரபணு மாற்றம் வட ஐரோப்பியரிடம் அதிகம், நம்மவரிடம் அபூர்வம். முழுப் பொருத்தம்தான் வேண்டுமென்று காத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அப்படிப்பட்ட மஜ்ஜை கிடைத்திருக்காது.

ஆனால் பை சிறியது. கொடி ரத்தப் பையில் உள்ள செல்களின் எண்ணிக்கை மஜ்ஜைக் கொடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தேறும். இருபது கிலோ குழந்தைக்குத் தாராளம். எழுபது கிலோ பெரியவருக்குப் பற்றாது. பெரியவர்களுக்கு இரண்டு கொடிகளைச் சேர்த்து ஏற்றும் வழியை மின்னசோட்டா மருத்துவர்கள் கண்டார்கள். அப்படியும் வெள்ளணுக்கள் தலைகாட்ட மூன்று நான்கு வாரம் ஆகிவிடும். மஜ்ஜையைத் துடைத்தெடுக்கும் கடும் கீமோவுக்குப் பிறகு அந்த ஒவ்வொரு நாளும் கண்டம்தான். ஒரு பூஞ்சைத் தொற்று போதும் ஆளை முடிக்க. ஏற்றும் காட்சி என்னவோ சாதாரணமானது. உறைந்த பையைக் கட்டிலருகே 37 டிகிரி நீர்த்தொட்டியில் உருக்கி, ரத்தம் ஏற்றுவதுபோலவே மெல்ல ஏற்றுவார்கள். உறைகாப்புக்குச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ. என்ற வேதிப்பொருள் மூச்சு வழியாக வெளியேறும். அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். குமட்டல், கொஞ்சம் ரத்த அழுத்த ஏற்ற இறக்கம், அவ்வளவுதான் உடனடித் தொல்லை. ஆபத்து அதற்குப் பிந்திய வாரங்களில்: செல்கள் ஒட்டாமலே போவது, தொற்று, ஜி.வி.எச்.டி., பழைய நோயே திரும்புவது. கொடி ரத்தம் பாதுகாப்பானதா என்று கேட்டால், எடுப்பது தாய்க்கும் சேய்க்கும் வலியற்றது என்பதும் ஏற்றுவது உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை என்பதும் சேர்ந்ததே பதில். விளம்பரங்கள் முதல் பாதியோடு நின்றுவிடும்.

இந்தியருக்கு இன்னொரு கணக்கும் முக்கியம். தலசீமியா நம் நாட்டின் பெரும் சுமை. அதற்குக் கொடி ரத்தம் தீர்வென்று கையேடுகள் அடித்துச் சொல்கின்றன. உடன்பிறந்த குழந்தையின் பொருந்திய கொடி என்றால் முடிவுகள் நன்றாகவே இருந்திருக்கின்றன. அந்நியர் கொடியை ஏற்றியபோது கதை வேறு. 2011-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 35 தலசீமியாக் குழந்தைகளில் 20 பேருக்குச் செல்கள் ஒட்டவில்லை. சொந்தக் கொடியோ தலசீமியாவுக்கு முற்றிலும் வீண், அதே பழுதான மரபணு அதிலும் இருப்பதால்.

2010-களுக்குப் பிறகு கொடி ரத்த மாற்றங்கள் குறைந்துவருவதற்குப் பலரும் எதிர்பாராத போட்டியாளர் காரணம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் செம்மைப்படுத்திய முறையில், மாற்றத்துக்குப் பின் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தைக் கொடுத்து, பாதி மட்டுமே பொருந்தும் தாய், தந்தை, பிள்ளை யாருடைய மஜ்ஜையையும் ஏற்கச் செய்துவிடலாம். பெற்றவர்கள் எப்போதும் பாதிப் பொருத்தம், தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 368 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட சோதனை 2021-ல் வெளியானது. இரண்டாண்டு முடிவில் பாதிப்பொருத்த மஜ்ஜை பெற்றவர்களில் 57 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். இரட்டைக் கொடி பெற்றவர்களில் 46 விழுக்காட்டினர். கொடிக்குச் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம் என்றபோது மருத்துவமனைகள் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஆச்சரியமில்லை. கொடி ரத்தத்தின் பக்கத்திலிருந்து வந்த மறுமொழி, செல்களை ஆய்வகத்தில் பெருக்கிக் கொடுப்பது. ஒமிடுபிசெல் என்ற அப்படிப்பட்ட மருந்தை 2023 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. வெள்ளணு மீள்வது 22 நாளிலிருந்து 12 நாளாகச் சுருங்கியது. விலைதான் சாமானியருக்கு எட்டாதது.

ஆக, கொடி ரத்தம் மருந்தாகும், பிறருக்கு. இனி உறைகலத்துக்கு வருவோம்.

உலகின் பொது வங்கிகளில் சுமார் 8 லட்சம் பைகள். தனியார் வங்கிகளில் 40 லட்சத்துக்கு மேல். நடந்த மாற்றங்களோ மிகப் பெரும்பாலும் பொது வங்கிப் பைகளால்தான். ஒரு குழந்தை தன் வாழ்நாளில் சொந்தக் கொடி ரத்தத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு 400-ல் ஒன்றிலிருந்து 2 லட்சத்தில் ஒன்று வரை என்று மதிப்பீடுகள் இருப்பதாக அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019-ல் எழுதியது. மதிப்பீட்டின் அகலமே அதன் நிலைமையைச் சொல்கிறது. குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் சொந்தக் கொடியை மருத்துவர் தொட யோசிப்பார். பல குழந்தைகளில் அந்தப் புற்றுநோயின் முதல் மரபணுப் பிழை கருவிலேயே நிகழ்ந்திருக்கும், அது பையிலும் இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் அறநெறிக் குழு 2004-லேயே, தற்போது மெய்யான சிகிச்சைப் பயன் இல்லாத சேவையை விற்பதால் இவ்வகை வணிக வங்கிகளின் நியாயம் கேள்விக்குரியது என்றது. இத்தாலியும் பிரான்சும் சொந்த உபயோகத்துக்கான தனியார் வங்கிகளை நாட்டுக்குள் அனுமதிக்கவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-ல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும், இதை உயிரியல் காப்பீடு என்று விளம்பரப்படுத்துவது தவறு என்ற பக்கமே நின்றது.

காப்பீட்டுப் பத்திரத்தின் மறுமுனையில் ஒரு நிறுவனம் உயிரோடிருக்க வேண்டும் என்பதும் உண்டு. சுவிட்சர்லாந்தைத் தலைமையகமாகக் கொண்டு ஐரோப்பாவெங்கும் பைகளைச் சேர்த்த கிரையோ-சேவ் 2019-ல் திவாலானது. பல நாட்டுப் பெற்றோரின் லட்சக்கணக்கான மாதிரிகள் போலந்துக்குப் போய்ச் சேர்ந்தன. எந்தப் பெற்றோரையும் கேட்டு நடந்த மாற்றம் இல்லை அது. 2024-ல் நியூயார்க் டைம்ஸ் அமெரிக்கத் தனியார் வங்கிகளை விரிவாக விசாரித்தபோது வெளிவந்தது இன்னொரு பக்கம்: ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்டிச் சேமித்த பைகள், எடுத்துப் பார்த்தபோது செல் எண்ணிக்கை போதாமலோ கிருமி கலந்தோ இருந்தன. பொது வங்கி அப்படிப்பட்ட பையை வாசலிலேயே நிராகரித்துவிடும். தனியார் வங்கிக்கு அந்தப் பையும் ஒரு சந்தா.

சென்னை இந்தத் தொழிலின் இந்தியத் தலைநகரங்களில் ஒன்று. லைஃப்செல் 2004-ல் இங்கே தொடங்கியது. ஐஸ்வர்யா ராய் அதன் விளம்பர முகமாக இருந்தார். 2017-ல் அந்நிறுவனம் தன் உத்தியை மாற்றி, சேமித்தவர்கள் எல்லோரும் ஒருவர் பையை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற சமூக வங்கித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சொந்தக் கொடி சொந்தப் பிள்ளைக்கு என்ற பழைய வாக்குறுதியைவிட இது அறிவியலுக்கு நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய வாக்குறுதி எவ்வளவு பலவீனம் என்பதற்கு அதுவே சாட்சியும்கூட. காசு கட்டாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்தச் சமூகத்தில் இடமில்லை. இதே சென்னையில் ஜீவன் அறக்கட்டளை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற பொது வங்கியை முயன்றது. அதற்குப் பணம் போட ஆளில்லை. கொடையாளர் பதிவேட்டின் பக்கம் அது நகர்ந்தது.

சேமிப்பதில் அர்த்தமுள்ள ஒரு நிலை இருக்கிறது. மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே மாற்றத்தால் குணமாகும் ரத்த நோய் இருந்து, அடுத்தது பிறக்கப்போகிறதென்றால், அந்தக் கொடியை எடுத்து வைக்கச் சொல்லி மருத்துவரே எழுதிக் கொடுப்பார். 1988-ல் பாரிஸில் நடந்ததும் அதுதான். அதற்கு விற்பனைப் பிரதிநிதி தேவைப்படவில்லை.

உறையவைத்த செல்லை விற்பதில் ஓகூஸுக்கு முன்னனுபவம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகின் மிகப் பெரிய விந்து வங்கிகளில் ஒன்றான கிரையோஸ், ஓலே ஸ்கோ என்பவர் 1980-களில் இங்கே தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. அங்கே வாங்குபவருக்குத் தேவை இன்றைக்கு. கொடி வங்கியில் தேவை என்றைக்கோ, ஒருவேளை. இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தின் தொற்றுநோயியல் அறிஞர் யோர்ன் ஓல்சன் முன்னின்று நடத்திய டேனிஷ் தேசியப் பிறப்புத் தொகுப்பில் கொடி ரத்தம் மூன்றாவது ஒரு வாழ்க்கை வாழ்கிறது. 1996 முதல் 2002 வரை சுமார் ஒரு லட்சம் கர்ப்பங்களைப் பதிந்து, பிரசவத்தின்போது கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து வைத்தார்கள். மருந்துக்காக அல்லாமல், எந்தக் குழந்தைக்குப் பின்னாளில் என்ன நோய் ஏன் வந்தது என்று தேடுவதற்காக. டேனிஷ்காரர்கள் அரசின் உறைபெட்டியை நம்பி இப்படி அள்ளிக் கொடுப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கொடியின் சதைக்கு வருவோம். பெரிய பேச்சும் பெரிய மோசடியும் இங்கேதான். மெசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991-ல் வைத்தவர் அமெரிக்காவின் ஆர்னால்ட் காப்லான். இவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறி உடைந்ததைக் கட்டும் என்ற நம்பிக்கை அப்போது. 2017-ல் அவரே, பெயரை மாற்றுங்கள், ஸ்டெம் செல் என்ற சொல் மக்களை ஏமாற்றப் பயன்படுகிறது என்று எழுதினார். ஏற்றிய செல்கள் பெரும்பாலும் சில நாளில் மறைந்துவிடுகின்றன. செங்கல்லாக நின்று சுவர் எழுப்பாமல், மேஸ்திரியைப்போல வந்து உள்ளூர்ச் செல்களுக்குச் சில கட்டளைகள் சொல்லி, அழற்சியைத் தணித்துவிட்டுப் போகின்றன. எனவே அழற்சி மிகுந்த நோய்களில்தான் இவற்றுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கிறது. ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜி.வி.எச்.டி.க்குக் கொடிச் சதையின் செல்களைச் சீனா 2025 ஜனவரியில் அனுமதித்தது. முழங்கால் குருத்தெலும்புத் தேய்மானத்துக்குக் கொடி ரத்தத்திலிருந்து வளர்த்த இவ்வகைச் செல்லைத் தென்கொரியா 2012-லேயே அனுமதித்தது. ஓகூஸுக்குப் பக்கத்தில் என்றால் ஸ்வீடன். புதிதாக முதல்வகை நீரிழிவு வந்தவர்களுக்கு வார்ட்டன் கூழின் செல்களை ஒரே முறை ஏற்றினால், மிஞ்சியிருக்கும் இன்சுலின் சுரப்பு ஓராண்டு வரை குறைவாகவே சரிகிறது என்று உப்சாலாவின் பெர்-ஓலா கார்ல்சன் குழு காட்டியிருக்கிறது. சோதனையின் முக்கியக் கட்டத்தில் இருந்தவர்கள் 15 பேர். நம்பிக்கையூட்டும் செய்திதான், 15 பேர் என்பதை மறக்காதவரை. அந்தச் செல்லைத் தயாரிக்கும் நெக்ஸ்ட்செல் நிறுவனமே செல்லவீவா என்ற குடும்ப வங்கியையும் நடத்துகிறது என்பதையும் மறக்காதவரை.

குழந்தைகளின் மூளையைப் பொறுத்தவரை ஆசையும் சான்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. டியூக்கில் ஜோன் கர்ட்ஸ்பெர்க் குழு 180 ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கொடி ரத்தம் கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டது. 2020-ல் வந்த முடிவில் சமூகத் தொடர்பாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. மூளை முடக்குவாதத்தில் படம் சற்றுத் தெளிவு. 2017-ல் அதே குழு, மொத்தத்தில் பலனில்லை, ஆனால் செல் அளவு கூடக்கூட அசைவுத் திறன் கொஞ்சம் மேம்படுகிறது என்றது. 2025-ல் ஆஸ்திரேலியர் தலைமையில் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி, சுமார் 500 குழந்தைகளின் விவரத்தை ஒன்றாகப் பார்த்தபோதும், இளவயதில் லேசான பாதிப்புள்ளவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஓரளவு. சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கும் காணொளிகளுக்கும் அந்த முன்னேற்றத்துக்கும் தொடர்பில்லை.

இந்தச் செல்கள் ஆபத்தானவையா? முறையான சோதனைகளில் பெரிதாக இல்லை. கனடிய ஆய்வாளர்கள் 2012-ல் 36 ஆய்வுகளில் பங்கேற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரின் விவரத்தைத் தொகுத்தபோது, உறுதியாகத் தொடர்புபடுத்த முடிந்தது ஏற்றியதும் வரும் காய்ச்சல் ஒன்றைத்தான். புற்றுநோய் தூண்டப்பட்டதற்குச் சான்றில்லை. ரத்தம் உறையத் தூண்டும் புரதம் இவற்றின் மேல் இருப்பதால் நரம்பு வழி ஏற்றும்போது ரத்தக்கட்டி உண்டாகும் அபாயம் உண்டு. நல்ல மையங்களில் அதற்கு மருந்து கொடுத்துக் கவனிப்பார்கள். முறையற்ற இடத்தில் நடப்பது வேறு. 2018-ல் அமெரிக்காவில் கொடி ரத்தத்திலிருந்து செய்ததாகச் சொல்லி விற்ற குப்பியை மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் ஊசி போட்டுக்கொண்ட 12 பேர் கடும் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையம் திறக்காத குப்பிகளை வாங்கிச் சோதித்தது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றிலும் இருந்தன. ஊசி போட்ட அறையில் அல்ல, தயாரித்த இடத்திலேயே புகுந்த அழுக்கு.

ஐரோப்பாவில் இவ்வகைச் செல்களை வளர்த்துக் கொடுப்பது மருந்து தயாரிப்பதற்குச் சமம் என்று 2007-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் சொல்லிவிட்டது. டென்மார்க்கில் ஒரு மருத்துவர் தன் அறையில் வைத்துப் போட்டுவிட முடியாது. ஆகவே ஆசைப்படுபவர்கள் விமானம் ஏறுகிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2020 ஏப்ரலில் விடுத்த எச்சரிக்கை அவர்களுக்காகத்தான். இந்தியாவில் எழுத்தில் விதி கடுமையே. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், ரத்த நோய்களுக்கான மாற்றத்தைத் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்கலாம் என்கின்றன. கொடி ரத்தம் தவிர கொடிச் சதை, நஞ்சுக்கொடி, பல், மாதவிடாய் ரத்தம் எதையும் வணிகமாகச் சேமிக்க அனுமதியில்லை என்றும் சொல்கின்றன. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்றது. அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் மையத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. பேச்சு வராத பிள்ளையோடு வரும் தாயிடம் பாக்கேஜ் விலை சொல்லும் மையங்கள் உண்டு. ஒரு சின்ன அளவுகோல்: உண்மையான சோதனையில் சேர நோயாளி பணம் கட்டுவதில்லை. பணம் கேட்டால் அது சோதனை இல்லை, கடை.

இவ்வளவு சொன்ன பிறகும் பிரசவ அறையில் ஒரு கேள்வி மிஞ்சும்: கொடியை எப்போது வெட்டுவது? பிறந்த பிறகும் ஓரிரு நிமிடம் கொடி துடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் எண்பது முதல் நூறு மில்லிலிட்டர் ரத்தம் குழந்தைக்குள் போய்ச் சேரும். வங்கிக்குச் சேகரிக்க வேண்டுமென்றால் அந்த ரத்தத்தில் ஒரு பங்கு பைக்கு வர வேண்டும். ஓகூஸிலிருந்து கடலைத் தாண்டினால் வரும் ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாடில் ஓலா ஆண்டர்சன் 400 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார். பத்து நொடிக்குள் வெட்டியவர்களில் நான்காம் மாதத்தில் இரும்புச் சத்துக் குறைபாடு 5.7 விழுக்காடு, மூன்று நிமிடம் காத்து வெட்டியவர்களில் 0.6 விழுக்காடு. 2011-ல் வெளியான ஆய்வு. உலக சுகாதார அமைப்பும் ஒரு நிமிடத்துக்கு முன் வெட்டாதீர்கள் என்கிறது. டேனிஷ் மருத்துவச்சிகளுக்கு இது பழகிய காரியம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அந்த நாட்டில் கொடி ரத்தத்தின் நிரூபணமான, செலவில்லாத, எல்லாப் பிள்ளைக்கும் கிட்டும் சிகிச்சை எதுவென்றால், அதை அந்தப் பிள்ளையின் உடம்புக்கே போகவிடுவது. பிரசவம் பார்ப்பவர் வங்கியின் பையை நிரப்ப அவசரப்பட்டால், பெற்றோர் காசு கொடுத்துக் குழந்தையின் இரும்பைப் பிடுங்கியதாகத்தான் கணக்கு.

டென்மார்க்கில் 1980-களில் வந்திறங்கிய ஈழத் தமிழர்களும் அவர்களின் பிள்ளைகளுமாகப் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஓகூஸ் இருக்கும் யுட்லாந்துப் பக்கம். ஹெர்னிங்கிலும் பிராண்டேயிலும் கோயில்கள் எழும்பியிருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கு நாளை ரத்தப் புற்றுநோய் வந்து, உடன்பிறந்தவர் பொருந்தவில்லை என்றால் நிலைமை என்ன? அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-ல் நடந்த கணக்கெடுப்பில் ஐரோப்பிய வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. தென்னமெரிக்க, மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு 16. தெற்காசியர் இடையில் எங்கோ, அடிப்பக்கம். எச்.எல்.ஏ. பரம்பரையாக வருவது என்பதால் யாழ்ப்பாணத்து வேர் கொண்டவருக்குப் பொருத்தம் யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ சென்னையிலோதான் கிடைக்கச் சாத்தியம் அதிகம். ஓகூஸ் மருத்துவமனையின் தேடல் உலகப் பதிவேடுகளின் நாலு கோடிக்கும் மேற்பட்ட கொடையாளரையும் பொது வங்கிகளின் கொடிப் பைகளையும் ஒரே வலையில் அலசும். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் உள்ள ஒருவரும் அதில் தட்டுப்படலாம். தனியார் உறைகலங்களில் ஒருவருக்காக மட்டும் ஒதுக்கிய தமிழ்க் கொடிகள் தட்டுப்படாது.

டென்மார்க்கில் கொடையாளரைப் பெரும்பாலும் ரத்த வங்கிகள் வழியாகவே சேர்க்கிறார்கள். ஸ்கைபியில் ரத்தம் கொடுக்கப் போகும் இளைஞர், ஸ்டெம் செல் பதிவேட்டிலும் பெயரைச் சேருங்கள் என்றால் போதும். பொருத்தம் பார்க்கக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். பல பேருக்கு அழைப்பே வராது. வந்தால், நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஒரு ஊசி. மஜ்ஜையிலிருந்து செல்கள் ரத்தத்துக்கு இறங்கும், எலும்புகள் குடையும், பாராசிட்டமால் போட்டால் அடங்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை வாங்கி, வேண்டிய செல்லைப் பிரித்துவிட்டு, மறு கையில் திருப்பிவிடும் எந்திரத்தின் அருகே நான்கைந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கொடுத்த செல்களைச் சில வாரத்தில் உடம்பு ஈடுகட்டிக்கொள்ளும்.